யோபுவின் கதை கேட்ட அதிகாரி: யார் இந்த தேவசகாயம்?

1712-ல் இன்றைய குமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அதிகாரி. நல்ல வசதி. ஆனா அடுத்தடுத்து மாடுகள் செத்தன, பயிர் போச்சு. கலங்கிப்போனவருக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பைபிளின் யோபு கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் கடவுளை விடாத மனிதரின் கதை.

1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் பழகியதும் பலருக்குப் பிடிக்கலை. 1749-ல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள், அடி, அவமானம். பழைய மதத்துக்குத் திரும்பினால் விடுதலை. மூணு வருஷம், அவர் திரும்பவே இல்லை. அற்புதக் கதைகளைவிட இதுதான் பெரிசு.

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோவிலில் கல்லறை. 2022 மே 15-ல் புனிதர் பட்டம்.