தளையற்ற நிலம்: ஹோவர்டு ஸானைசர்

அமெரிக்கக் கானகங்களைக் காத்தவர்கள் என்றவுடன் ஜான் மியூரைப் போன்ற மலையேறிகளே பலருக்கும் நினைவிற்கு வருவர். ஆனால் அக்கானகங்களுக்கு உறுதியான சட்டப் பாதுகாப்பைப் பெற்றுத் தந்தவர் மூக்குக்கண்ணாடி அணிந்த இதழாசிரியர் ஒருவர். அவர் பெயர் ஹோவர்டு ஸானைசர்.

ஸானைசர் 1906 ஆம் ஆண்டு பிப்ரவரி 25 ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் கிறித்தவச் சமயப் போதகர். அலகேனி ஆற்றங்கரையில் அமைந்த டியோனஸ்டா என்னும் சிற்றூரில் அவர் வளர்ந்தார். கல்லூரிப் படிப்பை முடித்தபின் செய்தியாளராகவும் ஆசிரியராகவும் சிறிது காலம் பணியாற்றினார். 1930 இல் கூட்டரசின் உயிரியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, பதினைந்து ஆண்டுகள் எழுத்துப் பணியும் பதிப்புப் பணியும் செய்தார். 1945 இல் அப்பாதுகாப்பான அரசுப் பணியை விடுத்து, கானகக் கழகம் என்னும் சிறிய அமைப்பின் செயலாளராகவும் அதன் இதழின் ஆசிரியராகவும் பொறுப்பேற்றார். ஊதியம் குறைந்தது, வேலையோ பெருகியது.

அக்காலத்தில் அமெரிக்கப் பொதுநிலங்களின் நிலை எவ்வாறு இருந்தது? சாலையும் கட்டடமும் இல்லாத சில காட்டுப் பகுதிகளை வனத்துறை ஒதுக்கி வைத்திருந்தது. நியூ மெக்சிகோவின் கிலா பகுதி 1924 இலேயே இவ்வாறு ஒதுக்கப்பட்டது. ஆல்டோ லியோபோல்டு என்னும் வன அலுவலரின் முயற்சி அது. எனினும் அவ்வொதுக்கீடு துறையின் ஆணை மட்டுமே. ஓர் அலுவலர் கையொப்பமிட்டுத் தந்ததை மற்றோர் அலுவலர் கையொப்பமிட்டு நீக்கிவிடலாம்.

தேசியப் பூங்கா என்ற பெயரும் போதுமான காவலன்று என்பதை 1950 களில் எழுந்த அணைத் திட்டம் ஒன்று காட்டியது. டைனசோர் தேசிய நினைவுப் பகுதிக்குள் கிரீன் ஆறும் யாம்பா ஆறும் கூடுமிடத்திற்கு எக்கோ பார்க் என்று பெயர். அங்கே அணை கட்ட அரசு முனைந்தது. ஸானைசரும் பிற அமைப்பினரும் பல ஆண்டுகள் போராடி, 1956 இல் அவ்வணையைத் திட்டத்திலிருந்து நீக்கச் செய்தனர். அதே திட்டத்தின்கீழ் கிளென் கேன்யன் என்னும் அழகிய பள்ளத்தாக்கு பின்னர் நீரில் மூழ்கியது. வெற்றிக்குக் கொடுத்த விலை சிறிதன்று.

ஒவ்வோர் ஆபத்து வரும்போதும் ஓடித் தடுப்பதைவிட, நிலையான சட்டம் ஒன்றை இயற்றுவதே வழி என ஸானைசர் தெளிந்தார். 1956 இல் வரைவை எழுதினார். செனட்டர் ஹியூபர்ட் ஹம்ப்ரியும், பிரதிநிதிகள் அவையில் ஜான் செய்லரும் அதனை முன்மொழிந்தனர். அவர்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சியினர் என்பது குறிப்பிடத்தக்கது. எட்டு ஆண்டுகளில் அம்மசோதா 66 முறை திருத்தி எழுதப்பட்டது. 18 விசாரணைகளைக் கண்டது. ஸானைசரின் மேலங்கியில் தையற்காரரைக் கொண்டு தைத்த பெரிய உட்பைகள் இருந்தன. மசோதாப் படிகளும் துண்டறிக்கைகளும் கவிதை நூல்களும் அவற்றில் நிறைந்திருக்கும். காண்பவர்க்கெல்லாம் அவற்றுள் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

சொல்லைத் தேர்வதில் அவர் எளிதில் விட்டுக்கொடுப்பவரல்லர். கானகம் எது என்பதை வரையறுக்க, தளையிடப்படாத என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்றைக் கையாண்டார். வழக்கில் அரிதான அச்சொல்லை மாற்றுமாறு நண்பர்கள் வேண்டினர். அவர் இசையவில்லை. மனிதக் கால்படாத நிலம் என்றால் அத்தகைய நிலம் எங்கும் கிடைக்காது. மனிதன் வந்து செல்லலாம், ஆனால் நிலத்திற்கு விலங்கு பூட்டக்கூடாது என்பதே அவர் கருத்து.

சட்டத்தில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருந்தது. மேற்கு மாநிலங்களில் பொதுநிலத்தின் நடுவே தனியார் நிலங்களும், பள்ளிகளின் வருவாய்க்கென மாநிலங்களுக்கு முன்பே வழங்கப்பட்ட துண்டு நிலங்களும் சிதறிக் கிடந்தன. சுற்றிலும் கானகம் ஆகிவிட்டால் உரிமையாளர் தம் நிலத்திற்குச் செல்வது எங்ஙனம்? அவர் சாலை அமைத்தால் கானகம் எஞ்சுவது எங்ஙனம்? போதிய வழி அளிக்க வேண்டும், அல்லது அதே மாநிலத்தில் ஏறத்தாழ அதே மதிப்புள்ள கூட்டரசு நிலத்தை மாற்றாகத் தரலாம் எனச் சட்டம் இதற்குத் தீர்வு கண்டது.

சுரங்கம், மரம், மேய்ச்சல் ஆகிய தொழில்களைச் சார்ந்தோர் கடுமையாக எதிர்த்தனர். பிரதிநிதிகள் அவைக் குழுவின் தலைவரான கொலராடோவின் வெய்ன் ஆஸ்பினால் மசோதாவை நெடுங்காலம் நிறுத்தி வைத்தார். இறுதியில் 1983 முடியும்வரை கானகங்களில் புதிய சுரங்க உரிமை கோரலாம் என்னும் கசப்பான விதியை ஏற்க நேர்ந்தது. புதிய கானகம் ஒவ்வொன்றிற்கும் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும் என்பதும் ஆஸ்பினாலின் நிபந்தனையே. தடையாக வைத்த அவ்விதி வேறு பயன் தந்தது. ஆங்காங்கே மக்கள் தத்தம் பகுதிக்காக ஒன்றுகூடிக் கேட்கத் தொடங்கினர்.

இதயநோயால் தளர்ந்திருந்தும் ஸானைசர் 1964 ஏப்ரல் இறுதியில் நடந்த கடைசி விசாரணையிலும் சான்றுரைத்தார். சில நாள்களில், மே 5 அன்று, 58 ஆம் அகவையில் காலமானார். சூலை 30 அன்று பிரதிநிதிகள் அவை 373 வாக்குகளுடன் மசோதாவை ஏற்றது, எதிர்வாக்கு ஒன்றே. செப்டம்பர் 3 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டபோது, துணைவியார் ஆலிஸ் ஸானைசர் அருகில் நின்றிருந்தார்.

அன்று காக்கப்பட்டவை 54 பகுதிகள், சுமார் 91 இலட்சம் ஏக்கர். இன்று பகுதிகள் 800 ஐயும், பரப்பு 11 கோடி ஏக்கரையும் கடந்துள்ளன. 1984 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று அலகேனி ஆற்றின் ஏழு சிறு தீவுகளையும் இப்பட்டியலில் சேர்த்தது. அவற்றின் மொத்தப் பரப்பு 400 ஏக்கருக்கும் குறைவு. ஸானைசர் சிறுவனாக வளர்ந்த டியோனஸ்டாவுக்கு மேலே, அதே ஆற்றில் அவை அமைந்துள்ளன.