யார் இந்த அடிலெய்ட் நட்டிங்? வார்டில் இருந்து வகுப்பறைக்குப் போன உலகின் முதல் நர்சிங் பேராசிரியர்!

நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கும் பேராசிரியரும் ஒரு நர்ஸ்தான். இன்றைக்கு இதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. ஆனால் 1907-க்கு முன்பு உலகில் அப்படி ஒரு பேராசிரியரே கிடையாது. அந்த இடத்துக்கு முதலில் வந்தவர் மேரி அடிலெய்ட் நட்டிங்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1858-ல் பிறந்தவர். முதலில் பார்த்தது மியூசிக் டீச்சர் வேலை. நர்சிங்குக்கு வந்தது கொஞ்சம் லேட்டாகத்தான். 1889-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை நர்சிங் பள்ளியைத் தொடங்கியபோது முதல் பேட்சிலேயே சேர்ந்தார். அப்போதே வயது 30. படிப்பு முடிந்ததும் அங்கேயே ஹெட் நர்ஸ். பள்ளியின் தலைவி இசபெல் ஹாம்ப்டன் 1894-ல் கல்யாணத்துக்காக வேலையை விட, அந்தப் பொறுப்பு நட்டிங்கிடம் வந்தது.

பேருக்குத்தான் பள்ளி!

அந்தக் காலத்தில் நர்சிங் மாணவி என்றால் மருத்துவமனைக்குக் கிட்டத்தட்ட சும்மா கிடைத்த வேலையாள். பகல் முழுக்க வார்டில் நிற்கணும். களைத்துப்போன பிறகு, நேரம் மிஞ்சினால் பாடம். இதில் லாபம் மருத்துவமனைக்கு. அப்புறம் யார் மாற்றுவார்கள்?

நட்டிங் சும்மா புலம்பவில்லை. பல பள்ளிகளில் மாணவிகள் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். 1896-ல் தன் பள்ளியில் படிப்பை 2 ஆண்டில் இருந்து 3 ஆண்டாக்கி, வேலையை ஒரு நாளைக்கு 8 மணி நேரமாகக் குறைத்தார். 1901-ல் இன்னொரு மாற்றம். புதிதாகச் சேருகிறவர்களை நேராக வார்டுக்கு அனுப்பாமல், முதல் 6 மாதம் அடிப்படைப் படிப்பு. நோயாளியைத் தொடும் முன்னால் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

சரி, பாடம் எடுக்க ஆள்?

நல்ல நர்ஸ் எல்லாரும் நல்ல டீச்சர் ஆகிவிட முடியாது. அதற்கும் தனியாகப் பயிற்சி வேணும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில், அனுபவமுள்ள நர்ஸ்களுக்காகவே 1899-ல் ஒரு கோர்ஸ் தொடங்கியது. அதற்கு முன்நின்றவர் அதே இசபெல் ஹாம்ப்டன். பால்டிமோர் வேலையோடு அங்கேயும் பாடம் எடுத்துவந்த நட்டிங், 1907-ல் மருத்துவமனையை விட்டு முழுநேரப் பேராசிரியர் ஆனார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதவியின் பெயரில் நர்சிங் என்ற வார்த்தையே இல்லை. நிறுவன நிர்வாகப் பேராசிரியர் என்றுதான் இருந்தது! 1910-ல் ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்ற பெண்மணி கொடுத்த நன்கொடையால்தான் நர்சிங்குக்கென்று தனித்துறையே வந்தது. வார்டில் பல வருஷம் பழகிய நர்ஸ்கள் அங்கே படித்து ஆசிரியர்களாகவும் கண்காணிப்பாளர்களாகவும் போனார்கள்.

நட்டிங் 1925-ல் ஓய்வு பெற்றார். 1944-ல் அவர் பெயரிலேயே ஒரு பதக்கம் உருவாக்கி, முதல் பதக்கத்தை அவருக்கே கொடுத்தார்கள். 1948 அக்டோபர் 3-ல் மறைந்தார். நர்சிங் பள்ளி மருத்துவமனையின் பிடியில் இருக்கவே கூடாது என்பதுதான் அவர் கடைசிவரை கேட்டது. அவர் இறந்தபோதும் அமெரிக்காவில் பெரும்பாலான நர்ஸ்கள் மருத்துவமனை நடத்திய பள்ளிகளில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.