கதிரவன் காற்றைக் கணக்கிட்டவர்

கிரகணம் என்றால் இராமேசுவரத்து அக்கினி தீர்த்தக் கரையில் கூட்டம் அலைமோதுகிறது. கதிரவனைப் பாம்பு தீண்டிவிட்டதாம். கடலில் முழுகினால் தோஷம் கழியுமாம். தட்சிணை கொடுத்தால் இன்னும் நன்றாகக் கழியுமாம்!

தோழர்களே, கதிரவனிடமிருந்து நம்மை நோக்கி உண்மையிலேயே ஒன்று வருகிறது. கிரகண நாளில் மட்டுமல்ல, நாள்தோறும் வருகிறது. முழுக்குப் போட்டு அல்ல, கணக்குப் போட்டு அதை ஆராய்ந்தவர் விக்ரம் சாராபாய்.

1919இல் ஆமதாபாத்தில், ஆலை அதிபர் அம்பாலால் வீட்டில் பிறந்தார். பஞ்சாலை முதலாளி மகனுக்கு இந்த ஏட்டில் என்ன இடம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டாம்! அவருடைய அத்தை அனசூயாதான் 1918இல், சொந்தத் தம்பி உள்ளிட்ட முதலாளிகளை எதிர்த்து, காந்தியாருடன் நின்று தொழிலாளர்களுக்கு 35 சதவீத ஊதிய உயர்வு பெற்றுத் தந்தவர்.

கேம்பிரிட்ஜில் படித்த சாராபாய், போர்க்காலத்தில் நாடு திரும்பி, பெங்களூரில் நம் திருச்சிச் சீமை சர் சி.வி. இராமனிடம் சேர்ந்தார். விண்ணிலிருந்து ஓயாமல் பாயும் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் ஆமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் கண்டார். கோடைக்கானல் மலையிலும் கருவி வைத்தார். அக்கதிர்கள் ஏன் ஏறி இறங்குகின்றன? கதிரவன் ஆட்டி வைக்கிறான்!

கதிரவனிலிருந்து மின்துகள்கள் காற்றாக வீசுகின்றன, காந்தப் புலத்தையும் இழுத்துக்கொண்டு. கதிரவன் சுழல்வதால் அந்தக் காந்தப் பாதை சுருளாக வளைகிறது. அங்கே வெடிப்பு நேர்ந்தால் சீறிவரும் துகள்கள் அந்தச் சுருள் வழியேதான் வரவேண்டும். வழியெல்லாம் மேடுபள்ளம்! முட்டிச் சிதறி, சில அரைமணியில் வரும், சில பல மணி கழித்து வரும்.

காற்று எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வீசாவிட்டால்? 1963இல் சாராபாய் அதைத்தான் எழுதினார். வாடை வேறு, கச்சான் வேறு என்றறிந்த பாம்பன் மீனவனுக்கு இது புரியும். வேகக் காற்று, முன்னே போகும் மந்தக் காற்றைத் துரத்திப் பிடித்து நெரிக்கும், குறுகிய பாலத்தில் மாட்டு வண்டிக்குப் பின்னே லாரி வந்ததுபோல! பின்னாளில் விண்கலங்கள் அந்த நெரிசலை நேரிலேயே அளந்தன.

அதே ஆண்டு நவம்பர் 21இல், கேரளக் கடற்கரைத் தும்பாவிலிருந்து முதல் இராக்கெட் எழுந்தது. மீனவர்கள் தங்கள் மாதா கோயிலையே கொடுத்திருந்தார்கள். இராக்கெட் பாகங்கள் சைக்கிளில் போயின. அங்கே உழைத்தவர்களில் ஒருவர், சாராபாய் தேர்ந்தெடுத்த இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன், சிறுவயதில் தெருத்தெருவாகச் செய்தித்தாள் போட்ட அப்துல் கலாம்.

1971 டிசம்பர் 30இல், 52ஆம் வயதில், கோவளத்தில் சாராபாய் மறைந்தார்.

2023இல் கதிரவனை ஆராய ஆதித்யா விண்கலம் புறப்பட்டது. 15 இலட்சம் கிலோமீட்டர் பயணம். திட்ட இயக்குநர், செங்கோட்டைத் தமிழ்மகள் நிகார் ஷாஜி. அதில் கதிரவத் துகள்களை அளக்கும் கருவியைச் செய்து தந்தது, 1947இல் சாராபாய் தொடங்கிய அதே ஆமதாபாத் கூடம்.