சமூகத்தைச் செவிமடுத்தவர்

இங்கிலாந்தின் நாரிச் நகரில், துணி உற்பத்தி செய்யும் குடும்பத்தில் 1802ஆம் ஆண்டு ஹாரியட் மார்ட்டினோ பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் அவருடைய செவித்திறன் குறையத் தொடங்கியது. பின்னாளில் ஊதுகுழல் போன்ற கருவியொன்றைக் காதில் வைத்தே பிறர் பேச்சைக் கேட்டார். 1829இல் குடும்பத் தொழில் நொடித்தது. அக்காலப் படித்த மகளிர்க்கு வாய்த்த ஆசிரியப் பணியும் செவிக்குறையால் கைகூடவில்லை. பகலில் தைத்துப் பொருளீட்டினார், இரவில் எழுதினார். பொருளாதாரக் கருத்துகளைக் கதைகளாக்கி 1832 முதல் மாதந்தோறும் வெளியிட, புகழ் தேடி வந்தது.

1834இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அயல்நாட்டை ஆராய்பவர் எவ்வாறு நோக்க வேண்டும் என்னும் நெறிகளைக் கப்பலிலேயே எழுதத் தொடங்கினார். தம் நாட்டு வழக்கத்தை அளவுகோலாக்கிப் பிறர் வழக்கத்தை இழிவென்று கூறலாகாது. ஓரிருவரைக் கண்டு ஊரையே எடைபோடலாகாது. மக்கள் தம்மைப் பற்றிச் சொல்வதோடு நில்லாமல், அவர்களுடைய கல்லறை வாசகங்களையும் பாடல்களையும் சிறைச்சாலைகளையும் காண வேண்டும். இன்று சமூகவியல் மாணவர் தொடக்கத்தில் கற்பதும் ஏறத்தாழ இதுவே.

அந்நாட்டில் ஈராண்டுகள் சுற்றினார். கேட்புக் கருவி அவருக்குத் தடையாகவில்லை. அதனருகே வந்து பேசியவர்கள் தனிமையில் மனம் திறந்தனர். அமெரிக்கரை அவர் இங்கிலாந்தோடு ஒப்பிட்டு அளக்கவில்லை. மனிதர் அனைவரும் சமம் என்று 1776இல் அவர்களே அறிவித்த கொள்கையால் அளந்தார். அந்த அளவுகோலின்முன் அடிமை முறையும், பெண்களுக்கு அரசியல் உரிமை இல்லாமையும் பெருங்குறைகளாக நின்றன. 1835இல் பாஸ்டன் நகரில், அடிமை ஒழிப்பை வேண்டிய மகளிர் கூட்டத்தில் அவருடைய கருத்தைக் கேட்டனர். விருந்தினர் என்று கூறி வாய்மூடி இருந்திருக்கலாம். அவரோ எழுந்து பேசினார். அதன்பின் அவரை உபசரித்தவர் பலர் விலகினர், மிரட்டல்களும் வந்தன. 1837இல் அமெரிக்கச் சமூகத்தைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

சமூகவியல் என்னும் பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஆகுஸ்ட் கோம்ட். அவருடைய ஆறு தொகுதிகளை 1853இல் இரண்டாகச் சுருக்கி ஆங்கிலத்தில் தந்தவரும் மார்ட்டினோவே. கோம்ட் அச்சுருக்கத்தைப் பெரிதும் விரும்பினார். பின்னர் அது பிரெஞ்சுக்கே மீண்டும் பெயர்க்கப்பட்டது!

1855இல் நோயுற்றபோது, இறப்பு நெருங்கியதென எண்ணித் தம் இரங்கற் குறிப்பைத் தாமே எழுதி வைத்தார். பிறர் கருத்தை விளக்கியதன்றிப் புதிதாக எதையும் தாம் கண்டறியவில்லை என்று அதில் தம்மை மதிப்பிட்டார். அது மிகையான அடக்கமே. அதன்பின் இருபத்தோராண்டுகள் வாழ்ந்தார். 1876இல் அவர் மறைந்தபோது அக்குறிப்பே நாளிதழில் அச்சாயிற்று.