பறவையறிஞர் சாலிம் அலி

சாலிம் அலி மும்பையில் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அவரை, தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜி தம் இல்லத்தில் வளர்த்தார். மாமன் வேட்டையில் விருப்பமுடையவர். சிறுவனுக்கும் சிறு காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் தடவியது போன்ற திட்டு ஒன்று தெரிந்தது. அத்தகைய குருவியை அவன் அதற்குமுன் கண்டதில்லை. மாமனிடம் கேட்டான், அவருக்கும் தெரியவில்லை. மாமன் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லர்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கி, பாடம் செய்து வைக்கப்பட்ட பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். அன்று தொடங்கிய ஆர்வம் எண்பது ஆண்டுகளாகியும் தணியவில்லை.

கல்லூரிப் படிப்பு அவருக்கு எளிதாக அமையவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுப் பர்மா சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலைக் கவனித்தார். திரும்பி வந்தபின் விலங்கியல் கற்றார். ஆயினும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அரசுப் பணி கிட்டவில்லை. மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சில காலம் பணிபுரிந்தார். பின்னர்ச் செருமனியின் பெர்லின் நகரில் பேராசிரியர் ஸ்திரேசமனிடம் பறவையியல் பயின்றார். 1930இல் தாயகம் திரும்பியபோது, பணமில்லை என்று கூறி அருங்காட்சியகம் அந்தப் பதவியையே நீக்கிவிட்டிருந்தது.

வேலையற்றவராய் அவரும் மனைவி தெஹ்மினாவும் மும்பைக்கு எதிர்க்கரையிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினர். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு வேலை இல்லாத அந்த மாதங்களே அவருக்குப் பெருஞ்செல்வமாயின எனலாம். நாள்தோறும் மணிக்கணக்காக அமர்ந்து அக்குருவிகளை நோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதி வரை கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியைக் கட்டி முடிக்கிறது. பிறகு அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொரு பெண் குருவியை எதிர்நோக்குகிறது. இச்செய்திகளை அவர் கட்டுரையாக வெளியிட்டபோது அறிஞர்கள் வியந்து பாராட்டினர். அக்காலத்துப் பறவையறிஞர் பலர், இறந்த பறவையின் இறகையும் அலகையும் அளப்பதையே ஆய்வாகக் கொண்டிருந்தனர். உயிருள்ள பறவை தன் இடத்தில் எவ்வாறு வாழ்கிறது என்பதே சாலிம் அலியின் கேள்வி.

அக்கேள்வி அவரை மரங்களிடமும் அழைத்துச் சென்றது. 1932இல் பூக்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள உறவைப் பற்றி விரிவாக எழுதினார். மாமரக் கிளைகளில் புல்லுருவி தொற்றி வளர்வதைப் பலர் கண்டிருப்பர். அதன் பூவில் தேனுண்ணும் தேன்சிட்டின் நெற்றியில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் அது சேரும். பழுத்த கனியைப் பூக்கொத்திக் குருவி விழுங்கும். வெளிவரும் விதை பசைபோல ஒட்டுவதால், குருவி அதைக் கிளையில் தேய்த்து நீக்கும். விதை அங்கேயே முளைக்கும். பறவைகளுக்கு உணவும் புல்லுருவிக்கு இனப்பெருக்கமும் கிட்டுகின்றன, இழப்பு மாமரத்துக்கே.

ஐதராபாத்து, திருவிதாங்கூர், கொச்சி எனப் பல பகுதிகளில் அவர் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். மாட்டுவண்டியிலும் கூடாரத்திலும் உடனிருந்த தெஹ்மினா 1939இல் காலமானார். அத்துயரினின்று மீளப் பணியே துணையாயிற்று. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் 1941இல் வெளிவந்தது. பின்னர் அமெரிக்க அறிஞர் ரிப்லியுடன் இணைந்து பத்துத் தொகுதிகள் கொண்ட பறவைக் கையேட்டை உருவாக்கினார். தமிழகத்தின் கோடிக்கரையில் அவருடைய கழகத்தார் வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு, அவற்றின் பயணத்தை ஆராய்ந்தனர்.

அவர் பெரிதும் நேசித்த இடங்களுள் ஒன்று இராசத்தானத்தின் பரத்பூர். ஆக்ராவிலிருந்து செய்ப்பூர் செல்வோர் அவ்வூரைக் கடந்தே செல்வர். அங்குள்ள கேவலாதேவ் சதுப்புநிலம் இயற்கை மட்டும் படைத்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் கட்டிய அணையால் தாழ்வான நிலத்தில் நீர் தேங்கி உருவானது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டரே. ஆயினும் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் இமயத்துக்கு அப்பாலிருந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். மன்னர்கள் அதை வாத்து வேட்டைக் களமாக்கினர். 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், வைசிராய் லின்லித்கோவின் குழுவினர் ஒரே நாளில் 4273 பறவைகளைச் சுட்டனர். சாலிம் அலிக்கு அன்று நாற்பத்திரண்டாம் பிறந்தநாள்! ஆய்வுக்காக அவரும் பறவைகளைச் சுட்டவரே. ஆனால் இத்தகைய அழிவை அவர் ஏற்கவில்லை. விடுதலைக்குப்பின், சதுப்பை வற்றச்செய்து விளைநிலமாக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, பிரதமர் நேருவிடம் எடுத்துரைத்து அதைக் காத்தார்.

அச்சதுப்பில் சுற்றியுள்ள சிற்றூர்களின் எருமைகளும் மாடுகளும் நெடுங்காலமாக மேய்ந்து வந்தன. அவை பறவைகளின் உறைவிடத்தைக் கெடுக்கும் என்று சாலிம் அலியும் அவருடைய கழகத்தாரும் கருதினர். மேய்ச்சலை நிறுத்துமாறு பரிந்துரைத்தனர். 1982இல் கேவலாதேவ் தேசியப் பூங்காவாயிற்று. தேசியப் பூங்காவினுள் கால்நடைகள் மேயச் சட்டம் இடந்தராது. அவ்வாண்டு நவம்பரில் தடை விதிக்கப்பட்டபோது, பாலும் சாணமும் தந்து குடும்பத்தைத் தாங்கிய எருமைகளுக்குப் புல் எங்கே என்று சிற்றூர் மக்கள் எதிர்த்தனர். காவலர் துப்பாக்கியால் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காக்கும் முயற்சியில் மனித உயிர்கள் பலியானதை அவ்வூரார் எளிதில் மறக்கவில்லை.

எருமைகள் வெளியேறின. பறவைகள் பெருகும் என்று எதிர்பார்க்கப்பட்டது, பெருகியது புல். பாஸ்பலம் என்னும் நீர்ப்புல் கொடிபோலப் படர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. எருமை நீரில் இறங்கி மேயும் விலங்கு. ஆண்டாண்டாக அப்புல்லை அது கட்டுக்குள் வைத்திருந்ததை எவரும் கணக்கில் கொள்ளவில்லை. திறந்த நீர் குறைந்தது, வாத்துகள் நீந்தி இரைதேட இடம் சுருங்கியது, மீன்கள் குறைந்தன, மீனை நம்பிய பறவைகளும் பாதிக்கப்பட்டன. சிற்றூரின் எருமையும் தொலைநாட்டு வாத்தும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன.

இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் மேய்ச்சலை எதிர்த்த அதே கழகத்தின் ஆய்வாளர்களே என்பது குறிப்பிடத்தக்கது. 1980இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீரையும் புல்லையும் பூச்சிகளையும் மீன்களையும் பறவைகளையும் ஓயாமல் கணக்கெடுத்து, மேய்ச்சல் தடையால் சதுப்புக்குத் தீங்கு நேர்ந்ததென்று அவர்கள் எழுதினர். தம் நிறுவனத்தின் பரிந்துரையைத் தாமே மறுத்தெழுதுவது எளிய செயலன்று. கிஹிமில் சாலிம் அலி குருவிகளின் முன் அமர்ந்து கையாண்ட முறையும் இதுவே: முதலில் பார்த்தல், பிறகு முடிவு செய்தல். ஆய்வின் நிறைவு அறிக்கை வந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்திருந்தார். 1990இல் கோயம்புத்தூரில் அவர் பெயரால் பறவையியல், இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பட்டது. பரத்பூர் ஆய்வை வழிநடத்திய விஜயனே அதன் முதல் இயக்குநரானார்.

சட்டம் தடுத்ததால் எருமைகள் மீண்டும் பூங்காவுக்குள் விடப்படவில்லை. மாறாக, சுற்றுச் சிற்றூர் மக்கள் அனுமதி பெற்று உள்ளே சென்று புல் அறுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. எருமைகள் மேய்ந்த நிலத்தில் அவற்றை வளர்ப்போர் அரிவாளுடன் இறங்கினர்.