கர்னேலியா சொராப்ஜி

காஞ்சியில் பிறந்த நாங்கள் தறியோசை கேட்டே கண் விழிக்கிறோம். தார் சுற்றும் தாய்மாரின் உழைப்பும் ஒவ்வொரு பட்டுச் சேலையிலும் கலந்துள்ளது. ஆனால் வீடும் தறியும் யார் பெயரில் என்று கேட்டால், எங்களுள் பலர் தந்தையின் பெயரையே சொல்வோம். ஆகவே பெண்களின் சொத்துரிமைக்காக உழைத்த ஒரு மாதரசியின் வரலாறு எங்கள் உள்ளத்தைத் தொட்டது.

கர்னேலியா சொராப்ஜி 1866ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நாசிக்கில் பிறந்தார். தந்தை பார்சி குலத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். தாய் பிரான்சினா, புனா நகரில் பள்ளிகளை நிறுவியவர். சொத்தைப் பார்த்துக் கொண்டவனை நம்பிக் கையெழுத்திட்டு, அனைத்தையும் இழந்த ஒரு விதவை அத்தாயிடம் வந்து அழுதார். அதைக் கண்ட சிறுமி கர்னேலியா, சட்டம் கற்க உறுதி பூண்டார்.

கல்லூரியில் முதலிடம் பெற்றும், பெண் என்பதால் இங்கிலாந்து செல்லும் உதவித்தொகை அவருக்கு மறுக்கப்பட்டது. நல்லோர் சிலர் பொருளுதவி செய்ய, 1889இல் ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கே 1892இல் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண் அவரே. எனினும் பட்டம் கைக்கு வர 30 ஆண்டுகள் ஆயின!

தாயகம் திரும்பியும் நீதிமன்றத்தில் வழக்காட அனுமதி கிட்டவில்லை. அவர் சோர்ந்தாரில்லை. 1904 முதல் வங்காளம், பீகார் முதலிய பகுதிகளில், திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்குச் சட்ட ஆலோசகராக அரசுப் பணி ஏற்றார். ஆண் வழக்கறிஞர் முன் வராத அப்பெண்களை, பல்லக்கிலும் யானை மீதும் சென்று கண்டார். நிலம், ஜீவனாம்சம், பிள்ளைகளின் கல்வி என அவர்களின் வழக்குகளைத் தீர்த்தார். ஏறத்தாழ 600 பெண்களும் சிறுவரும் பயனடைந்தனர்.

பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று 1923இல் சட்டம் வந்தது. அதன்பின் கல்கத்தாவில் பாரிஸ்டராகப் பணிபுரிந்து, 1954 ஜூலை 6ஆம் நாள் லண்டனில் மறைந்தார். காந்தியடிகளின் போராட்டத்தை அவர் எதிர்த்தது எங்களுக்கு வருத்தமே. ஆயினும் அவரது தொண்டை மறத்தல் தகாது.

தமிழ்நாட்டில் 1989இலும், நாடெங்கும் 2005இலும், இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் வந்தது. ஆனால் படிக்காமல் இடும் ஒரு கையெழுத்து அவ்வுரிமையைப் போக்கிவிடும். எனவே அன்புத் தோழியரே, வீட்டுக்கு எந்தப் பத்திரம் வந்தாலும், அம்மா கையெழுத்திடும் முன் அதை முழுவதும் படித்துச் சொல்வோம். நாம் கற்ற கல்வியின் முதல் பயன் அதுவாகட்டும்!