கோயில் கேட்டவர் பள்ளிக்கூடம் கேட்டார்

பண்டிதர் அயோத்திதாசர் 1845 மே 20-இல் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவமும் தமிழ் இலக்கியமும் அறிந்தவர். நீலகிரியில் வாழ்ந்தபோது அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1891-இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார்.

1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், நம் மக்களைச் சிவன், விஷ்ணு கோயில்களில் ஏன் அனுமதிக்கக் கூடாது என்று கேட்டார். உங்களுக்குக் காட்டேரி போன்ற தெய்வங்கள் இருக்கின்றன, அவை போதும் என்ற பொருளில் பதில் வந்தது. சாமியைக்கூடச் சாதிவாரியாகப் பங்கு பிரித்திருந்தார்கள். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே கூட்டத்தில் அவர் கேட்டவை இரண்டு: நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி, நம் மக்களுக்குத் தரிசு நிலம்.

1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர் நடுவிலும் அதற்குக் கிளைகள் எழுந்தன. அவர் காட்டிய புத்தர் வரம் கொடுக்கும் சாமி அல்லர். அறிவால் உயர்ந்த மனிதர், நல்வழி சொன்ன ஆசான். பஞ்சசீலத்தைக் கடைப்பிடிப்பதே அவருக்குச் செலுத்தும் வழிபாடு.

1907 ஜூன் 19 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை நடத்தினார். சடங்குகளும் புராணங்களும் மனிதர் உண்டாக்கியவை, சிலர் பிழைக்கவும் பலர் தாழவும் அவை பயன்பட்டன என்று வாரந்தோறும் எழுதினார். தீபாவளி, எள்ளெண்ணெய் கண்டறியப்பட்டதை மக்கள் கொண்டாடிய நாள் என்பது அவர் விளக்கம். அந்த விளக்கத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் யார் வைத்த வழக்கம், யாருக்கு லாபம் என்று கேட்கும் துணிச்சலை அவரிடமிருந்தே கற்கிறோம். 1914 மே 5-இல் மறையும்வரை எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

இன்றும் தேர் நம் தெருவுக்குள் வராத ஊர்கள் உண்டு. அந்த உரிமைக்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் கடன் வாங்கிக் கொடை நடத்திவிட்டுக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கையைப் பிசையும் குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. நம் தலைவர்களையே சாமியாக்கும் ஆபத்தும் இருக்கிறது. பிறந்தநாளில் சிலைக்கு மாலை போடுகிறோம்; அவர்கள் எழுதிய நூல்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கேள்வி கேட்கச் சொன்னவரைக் கும்பிட்டு நிறுத்திவிட்டால், அவர் கேட்ட கேள்வி அங்கேயே செத்துப்போகும்.

ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள் அச்சில் வந்திருக்கின்றன. மாணவர்கள் தங்கள் ஊர் நூலகத்தில் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் வாங்கி வைக்கும்படி மனு கொடுக்க வேண்டும். பண்டிதருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுதான்.